சம்பந்தி கொடுத்த கட்டை

கிண்ணத்தின் அடியில் ஓட்டை விழுந்தபோது பெரிய சத்தமொன்றும் வரவில்லை. கடைசல் பிடிக்கும் லேத்தில் சுற்றிக்கொண்டிருந்த மரம் அதுவரை அடித்தொண்டையில் முனகிக்கொண்டிருந்தது. சட்டென்று கீச்சுக் குரலுக்கு மாறியது. மரம் மெலிந்துவிட்டது, இத்தோடு நிறுத்து என்று அதற்கு அர்த்தம். பல்செட் அக்காவுக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்தும், இன்னும் ஒரே ஒரு சீவல் என்று உளியை நடுவில் கொண்டுபோனாள். பிஸ்கட் அளவுக்கு ஒரு வட்டத் துண்டு தானாகக் கழன்று அவள் செருப்பின்மேல் வந்து விழுந்தது.

சுவிட்சை அணைத்துவிட்டு, முகக்கவசத்தை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தாள். அடிமரம் இருக்க வேண்டிய இடத்தில், கிண்ணத்தைக் கவ்விப் பிடித்திருந்த சக்கின் இரும்பு பளபளவென்று தெரிந்தது.

"போச்சு," என்றாள் யாரிடமும் இல்லாமல்.

எங்கே தப்பு நடந்தது என்று கண்டுபிடிக்க அவளுக்கு நேரமாகவில்லை. வெளிப்பக்க உயரத்தை அளந்தாள், உட்பக்க ஆழத்தை அளந்தாள், கழித்துப் பார்த்தாள், இன்னும் ஒரு விரல்கனம் மரம் மிச்சம் இருப்பதாகக் கணக்கு வந்தது. ஆனால் சக் பிடித்துக்கொள்வதற்காக அடியில் அவளே முன்பு ஒரு பள்ளம் குடைந்திருந்தாள். அந்தப் பள்ளத்தைக் கணக்கில் சேர்க்க மறந்துபோனாள். புதிதாக லேத் வாங்கியவர்கள் செய்கிற தப்பு. அவளும் வாங்கிய புதிதில் இரண்டு மூன்று கிண்ணங்களை இப்படிப் புனலாக்கியிருக்கிறாள். அப்போதெல்லாம் சிரித்துவிட்டு மூலையில் வீசிவிட்டாள். இந்த மரத்தை அப்படி வீச முடியாது. இது சம்பந்தி கொடுத்த கட்டை.

பல்செட் அக்கா ஒரு பல் மருத்துவமனையின் பின்கட்டில், மருத்துவர் எடுத்துக் கொடுக்கும் அச்சை வைத்துச் செயற்கைப் பற்கள் செய்கிறவள். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கண்ணும் பல்லும் ஒரே வீட்டில் கிடைக்கும், காதுக்கு மட்டும்தான் அடுத்த தெருவுக்குப் போக வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் கேலி பேசுவார்கள். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு பின்னறை காலியானது. அதை வாடகைக்கு விடலாம் என்று கணவர் சொல்லிக்கொண்டிருந்தபோதே, பழைய லேத் ஒன்றை வாங்கி உள்ளே இறக்கிவிட்டாள். நாள் முழுக்கப் பல்லையே ராவிக்கொண்டிருந்தவளுக்கு, கைக்கு அடங்காத பெரிய பொருள் ஒன்றைக் கடைந்து பார்க்க ஆசை. விளக்குத்தண்டு, குஞ்சம் வைத்த மூடி போட்ட டப்பா, பூ வைக்க முடியாத அளவுக்குக் கழுத்து ஒடுங்கிய பூச்சாடி என்று அலமாரி நிறைந்தது. உறவுக்காரர்கள் வந்தால் ஆளுக்கொன்று தலையில் கட்டி அனுப்புவாள்.

அப்படித்தான் இந்தக் கட்டையும் வந்து சேர்ந்தது. மகளின் மாமனார் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் ஊதினால் ரயிலே கிளம்பும் என்று பழகியவர், வீட்டிலும் யாரையும் கேட்டுச் செய்கிற வழக்கம் கிடையாது. வீட்டுப் பின்புறம் நின்ற மரத்தின் வேர் சுற்றுச்சுவரைப் பிளந்துகொண்டு போனது. மனைவி தங்கை வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஆளைக் கூப்பிட்டு வெட்டித் தள்ளிவிட்டார். சம்பந்தியம்மா திரும்பி வந்தார். கொல்லைக் கதவைத் திறந்தார். வெறும் வானத்தைப் பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனவர், அன்றிலிருந்து புருஷனோடு பேசுவதில்லை.

மற்ற எல்லாரோடும் பேசினார். அதுதான் தொல்லையாகப் போயிற்று.

"நான் மருமகளா, தபால்காரியான்னே தெரியலைம்மா," என்று மகள் தொலைபேசியில் புலம்புவாள். "ரெண்டு பேரும் ஒரே சோபாவுலதான் உக்காந்திருக்காங்க. 'உங்க மாமாகிட்ட சொல்லும்மா, காபி ஆறுது'ன்னு அத்தை சொல்றாங்க. அவர் பக்கத்துலயே இருக்காரு, காதுல விழுது, ஆனா நான் சொல்ற வரைக்கும் எடுக்க மாட்டேங்குறாரு."

கார்டு யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். வெட்டிய மரத்தில் நல்ல பகுதியாக ஒரு கட்டையை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்து இறக்கினார். "சம்பந்தியம்மா, நீங்க இதுல அழகா ஒரு பெரிய கிண்ணம் பண்ணிக் கொடுங்க. அவ மரம் அவ வீட்டுக்கே வந்துடுச்சுன்னு கொடுத்துடுறேன். கோபம் தணிஞ்சுடும். அவகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்க," என்றார்.

பச்சை மரத்தை உடனே கடைந்தால் காய்ந்ததும் வெடித்துவிடும். அதனால் தடிமனாகக் குடைந்து, சீவி விழுந்த மரச்சுருள்களோடு காகிதப் பையில் போட்டு, ஈரம் வற்றும்வரை மாதக்கணக்கில் வைத்திருந்தாள். அத்தனை மாதமும் அந்த வீட்டில் மௌனம் நீடித்தது. முதலில் கட்டையைப் பிளந்தபோதே உள்ளே ஒரு துருப்பிடித்த ஆணி அகப்பட்டது. ஆணியைப் பிடுங்கியாயிற்று. ஆனால் இரும்பு பட்ட இடத்தில் மரம் கருநீலமாகி, மை கொட்டியதுபோல ஒரு தீற்றல் ஓடியிருந்தது. அக்காவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. கிண்ணத்தின் பக்கவாட்டில், பார்த்ததும் கண்ணில் படும்படி அந்தக் கறை அமைய வேண்டும் என்று கட்டையைத் திருப்பித் திருப்பி வைத்துத்தான் கடைய ஆரம்பித்தாள். ஒருவேளை அந்தக் கறையின்மேலேயே கண்ணாக இருந்ததால்தான் அடியைக் கோட்டை விட்டாளோ என்னவோ.

கணவர் வந்து பார்த்தார். கிண்ணத்தைத் தூக்கி ஓட்டை வழியாக அவளையே பார்த்தார்.

"வேற மரத்துல ஒண்ணு செஞ்சு கொடுத்துடேன். அவருக்கென்ன தெரியப்போகுது?"

"அவருக்குத் தெரியாது. அந்தம்மா ஒரு துணியைத் தொட்டுப் பாத்தே எந்தக் கடைன்னு சொல்றவங்க. தன் மரம் தெரியாதா?"

"அதுவும் சரிதான். அந்தம்மாவோட மேல்வரிசைப் பல்செட்டும் நீதான் செஞ்சே. கிண்ணமும் சரியில்லாம போய், அவங்க பேசாமலே இருந்தாங்கன்னா, கடைசியில உன் செட்டு மேலதான் பழி விழும்," என்றார் அவர். சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

ஓட்டையை அடைப்பது என்று முடிவு செய்தாள். உடைந்த பல்செட்டுகள் தினமும் அவள் மேசைக்கு வரும். அதன்மேல் உட்கார்ந்தவர்கள், நாய் கடித்துவிட்டதென்று கொண்டு வருகிறவர்கள், தும்மியபோது ஜன்னல் வழியே போய்விட்டது என்கிறவர்கள். எவர் வந்தாலும் பதறாமல் வேலையைப் பார்ப்பாள். அதே கையோடு ஓட்டையின் விளிம்பைச் சுத்தமாக வட்டமாக்கினாள். வெளிர்நிற மரத்தில் ஒரு தக்கை கடைந்தாள். இறுக்கமாகவும் இல்லாமல் தளர்வாகவும் இல்லாமல் அது போய் உட்கார்ந்தது. பசை தடவி, மேலே ஒரு கனமான டப்பாவைப் பாரம் வைத்துவிட்டுப் படுக்கப் போனாள். மறுநாள் காலை எடுத்துப் பார்த்தபோது, இருண்ட மரத்துக்கு நடுவே வெளிர் வட்டம் வேண்டுமென்றே வைத்த அலங்காரம் மாதிரித்தான் இருந்தது. தனக்குத்தானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டாள்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். தக்கை ஒரு மயிரிழை மேலே தூக்கிக்கொண்டு நின்றது. அதை மட்டும் சமன் செய்துவிடலாம் என்று மறுபடி சக்கில் ஏற்றினாள். அடியில் பள்ளத்தைச் சுற்றி இருந்த மரம் ஏற்கெனவே பலவீனம். உளியின் நுனி தக்கையின் விளிம்பில் கொத்தியது. 'டப்' என்ற சத்தம்தான் கேட்டது. கிண்ணம் லேத்தில் இல்லை. சுவரில் அறைந்து, அலமாரியில் மோதி, கதவுக்குப் பின்னால் போய் விழுந்தது. முகக்கவசத்தில் ஏதோ சுள்ளென்று பட்டது.

கணவர் ஓடி வந்தார். "அடி பட்டுச்சா? கையைக் காட்டு. மூஞ்சியைக் காட்டு."

"எனக்கு ஒண்ணுமில்லை. கிண்ணத்தைப் பாருங்க."

கிண்ணத்தின் வாயில் பெரிய கடி கடித்தாற்போல ஒரு துண்டு போயிருந்தது. தக்கை தெறித்துவிட்டது. ஓட்டை பழையபடி அவளைப் பார்த்துச் சிரித்தது. உடைப்பு கருநீலக் கறைக்கு ஒரு விரல் மேலே வந்து நின்றிருந்தது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். உளியைப் பிடித்திருந்த கட்டைவிரல் மரத்துப்போயிருந்தது. எத்தனையோ தடவை உளி கொத்தியிருக்கிறது, ஆனால் கிண்ணம் இப்படிப் பறந்தது இதுதான் முதல் தடவை. லேத்தைப் பார்க்கவே ஒரு வெறுப்பு வந்தது. பேசாமல் இந்த அறையை வாடகைக்கு விட்டிருக்கலாம்.

"துண்டு கிடைச்சா ஒட்டிடலாம்," என்றாள்.

இருவரும் தரையில் மண்டியிட்டுச் சுருள் குவியலைக் கையால் துழாவினார்கள். கணவர் தும்மித் தும்மித் தேடினார். அப்போதுதான் வாசல்மணி அடித்தது.

கணவர் எழுந்து போனார். ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு, கால் ஓசைப்படாமல் திரும்பி வந்தார். "சம்பந்தியம்மா," என்றார் கிசுகிசுப்பாக. "தனியா வந்திருக்காங்க."

அக்கா கிண்ணத்தின்மேல் சுருளை அள்ளிப் போட்டு மூடினாள். சம்பந்தியம்மா நேராகப் பின்னறைக்கே வந்துவிட்டார். வலது கையால் கன்னத்தைப் பிடித்திருந்தார்.

"மன்னிச்சுக்கோங்க சம்பந்தி, லீவு நாள்ல வந்து தொந்தரவு பண்றேன். மேல்செட்டு ஒரு பக்கம் குத்துது. ரெண்டு நாளா ரசம் மாதிரி எதையாவது குடிச்சே ஓட்டறேன். நாளைக்கு வரைக்கும் தாங்காது."

"இதுல என்ன தொந்தரவு? உக்காருங்க. கழட்டிக் கொடுங்க, ஒரு நிமிஷம்."

லேத்துக்குப் பக்கத்திலேயே பல்லை ராவுகிற சின்ன மேசை இருந்தது. சம்பந்தியம்மா சுவர்ப்பக்கம் திரும்பிச் செட்டைக் கழற்றி, கைக்குட்டையில் வைத்து நீட்டினார். வாயை மூடியபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். அக்கா குத்துகிற இடத்தை மைக்குச்சியால் குறித்துக்கொண்டு ராவ ஆரம்பித்தாள். முதுகைத் திருப்பிக்கொண்டு வேலை பார்த்ததில், பின்னால் என்ன நடக்கிறது என்று கவனிக்கவில்லை. சம்பந்தியம்மா காலில் ஏதோ உறுத்த, குனிந்து சுருளை விலக்கினார். முதலில் உடைந்த துண்டை எடுத்தார். பிறகு கிண்ணத்தை எடுத்தார்.

"இஃது என் ஆஃணி," என்றார்.

அக்கா திரும்பினாள். சம்பந்தியம்மாவின் விரல் கருநீலக் கறையின்மேல் இருந்தது.

"என்ன சொல்றீங்க?"

"ஆஃணி! கொஃடி கட்டறதுக்கு நாஃன் அடிச்ச..." அவர் வாயைப் பொத்திக்கொண்டார். மறு கையை நீட்டினார். "பஃல்லைக் கொடுங்க மொதஃல்ல!"

பாதி ராவியிருந்த செட்டை அக்கா கழுவிக் கொடுத்தாள். மாட்டிக்கொண்டு, ஒரு தடவை கடித்துப் பார்த்துக்கொண்டு, சம்பந்தியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது எங்க வீட்டு மரம். கல்யாணமான புதுசுல துணி காயப்போடக் கொடி கட்டறதுக்கு நான்தான் ஆணி அடிச்சேன். இது இங்க எப்படி வந்துச்சு?"

இனி மறைத்துப் பயனில்லை. அக்கா முழுவதையும் சொல்லிவிட்டாள். கார்டு கட்டை கொண்டு வந்தது, கிண்ணம் கேட்டது, பள்ளத்தை மறந்தது, தக்கை வைத்தது, அது பறந்தது. கணவர் கதவோரத்தில் நின்றபடி இடையிடையே தும்மினார்.

சம்பந்தியம்மா கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். முகம் சிவந்துகொண்டே வந்தது.

"ஓ. மரத்தை வெட்டிட்டு, அதுலயே ஒரு கிண்ணம் செஞ்சு கையில கொடுத்தா, நான் ஈன்னு இளிச்சுக்கிட்டு பேசிடணுமா?"

"அவர் நல்லெண்ணத்துலதான்..."

"அவர் எண்ணம் எப்பவும் நல்ல எண்ணம்தான் சம்பந்தி. அதை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. வேர் சுவத்துக்குள்ள போனது எனக்குத் தெரியாதா? நான்தானே மொதல்ல பாத்தேன்? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே ஆளைக் கூட்டி வந்திருப்பேன். கேக்கலை. நான் இல்லாத நேரம் பாத்து வெட்டினாரு. இப்பக்கூடப் பாருங்க. கிண்ணம் வேணுமா வேண்டாமான்னு கேக்கலை. எங்க வீட்டுல ஏற்கெனவே கிண்ணத்துக்கு என்ன பஞ்சம்? மரம் போனதுல இருந்து துணி காயப்போட இடமில்லாம நாற்காலி முதுகுலயும் கதவுலயும் போட்டுக்கிட்டு இருக்கேன். அதை ஒருத்தராவது கேட்டீங்களா?"

யாரும் கேட்கவில்லைதான். அக்காவுக்குக் கன்னத்தில் சூடேறியது. அத்தனை மாதமாக அந்தக் கட்டையை எடை பார்த்தாள், ஈரம் பார்த்தாள், கறை எந்தப் பக்கம் வர வேண்டும் என்று மணிக்கணக்காக யோசித்தாள். யாருக்காகச் செய்கிறாளோ அவருக்கு இது வேண்டுமா என்ற கேள்வி மட்டும் அவள் மண்டையில் உதிக்கவே இல்லை.

"சரி, இப்ப கேக்கறேன்," என்றாள். "இது உங்க மரம். இப்ப இருக்கற நிலைமையும் பாத்துட்டீங்க. என்ன பண்ணலாம், நீங்களே சொல்லுங்க. தூக்கிப் போடுன்னா போட்டுடறேன்."

சம்பந்தியம்மா அந்தக் காலத்திலிருந்தே தையல் வேலை செய்கிறவர். கிழிந்த துணியைப் பார்ப்பதுபோலக் கிண்ணத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினார். மேலே எரிந்த பல்பின் வெளிச்சம் ஓட்டை வழியாக வட்டமாக அவர் மடியில் விழுந்தது. மடியையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கிண்ணத்தைக் கவிழ்த்துத் தலைக்கு மேலே பிடித்தார்.

"இந்த ஓட்டையில ஒயரை விட்டு, உள்ளே ஒரு பல்பு போட்டா என்ன? தையல் மெஷினுக்கு நேர் மேல தொங்கவிடலாம். எனக்கு இப்பல்லாம் ஊசி கோக்கறதுக்குள்ள உசிரு போகுது."

"வெளிச்சம் பத்தலைன்னு நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்," என்றார் கண்ணாடிக்காரர் கதவோரத்திலிருந்து. "கண்ணாடியை மாத்திக்கிட்டே இருந்தா எப்படி?"

அக்கா கிண்ணத்தை வாங்கிப் பார்த்தாள். அடியில் ஓட்டை வேண்டும், அது இருக்கிறது. வாய் அகலமாக வேண்டும், அதுவும் இருக்கிறது. உடைந்த விளிம்பை மட்டும் சுற்றிலும் சீவி எடுத்துவிட்டால் உயரம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

"ஒரே பயம், உடைப்பு கறைக்கு ரொம்பக் கிட்ட வந்திருக்கு. சீவறப்ப உங்க ஆணி அடையாளம் போனாலும் போயிடும்."

"போனா போகட்டும். நான் என்ன தைக்காம ஆணியையா பாத்துக்கிட்டு உக்காந்திருக்கப்போறேன்?"

இனி சக்கை நம்புவதற்கில்லை. அக்கா ஒரு தடித்த பலகை வட்டத்தை லேத்தில் பொருத்தினாள். கிண்ணத்தின் அடியை அதன்மேல் வைத்து, ஓட்டை வழியாக நீளமான போல்ட் ஒன்றைச் செலுத்தி, உள்ளேயிருந்து ஓட்டையைவிட அகலமான வாஷரும் நட்டும் போட்டு முறுக்கினாள். இப்போது நாலு பேர் பிடித்து இழுத்தாலும் அசையாது. ஓட்டை விழுந்திருக்காவிட்டால் இப்படிப் பிடிக்கவே முடியாது என்பதை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததும் பயம் பாதி குறைந்தது. ஆனாலும் சுவிட்சுக்குப் போன விரல் அங்கேயே நின்றது. காலையில் கிண்ணம் பறந்த இடம் சுவரில் தழும்பாக எதிரே தெரிந்தது.

"பயமா இருக்கா?" என்றார் சம்பந்தியம்மா.

"கொஞ்சம்."

"ஊசி ஒருதடவை என் நகத்துக்குள்ள இறங்கிடுச்சு. அப்புறம் மெஷின் பக்கம் போகவே கால் வரலை. தைக்க வேணாம், சும்மா மிதிச்சுப் பாப்போம்னு நூலில்லாம ஓட்டிக்கிட்டே இருந்தேன். நீங்களும் சும்மா சுத்தவிடுங்க."

உளியைத் தொடாமல், குறைந்த வேகத்தில் சுற்றவிட்டார்கள். விளிம்பின் உடைப்பு சுழற்சியில் ஒரு மங்கலான நிழலாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அக்கா உளியைத் தாங்கியில் வைத்து, மெல்ல உள்ளே செலுத்தினாள். உடைப்பு வருகிற போதெல்லாம் உளி 'டக் டக்' என்று தட்டியது. போகப் போகத் தட்டல் சன்னமாகி, சுருள் நீளமாக வர ஆரம்பித்தது.

"நான் ஒருதடவை பிடிச்சுப் பாக்கட்டுமா?" என்று கேட்டார் சம்பந்தியம்மா.

அக்கா முகக்கவசத்தைக் கழற்றி அவருக்கு மாட்டினாள். ரவிக்கைக் கையை முழங்கைக்கு மேல் ஏற்றிவிட்டாள். பின்னால் நின்று, அவர் கையின்மேல் தன் கையை வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கை தேவைப்படவில்லை. ஆயுள் முழுக்கத் துணியை ஊசிக்கடியில் நேராகத் தள்ளிப் பழகிய கை, உளியையும் அவசரப்படாமல் தள்ளியது.

இதற்குள் அங்கே வீட்டில் கார்டு மனைவியைத் தேடியிருக்கிறார். பல்லைச் சரி பண்ணப் போயிருக்கிறார் என்று மருமகள் சொன்னதும் அவருக்கு வியர்த்துவிட்டது. கிண்ணம் அங்கேதானே இருக்கிறது! குளிருக்குப் போட்ட மப்ளரோடு அப்படியே கிளம்பி, அரை ஓட்டமாக வந்து சேர்ந்தார். கண்ணாடிக்காரர் வாசலிலேயே நிறுத்தி விவரம் சொல்லப் பார்த்தார். கேட்டால்தானே? பின்னறைக்குள் நுழைந்துவிட்டார்.

அங்கே முகக்கவசம் போட்ட ஒரு உருவம் தலைமுடியெல்லாம் மரச்சுருளோடு எதையோ கடைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் பல்செட் அக்கா சும்மா நின்றுகொண்டிருந்தாள். அப்படியானால் கடைவது யார்? பார்ப்பதற்காகக் கார்டு லேத்தின்மேல் குனிந்தார். மப்ளரின் முனை நழுவிச் சுழலும் மரத்தை நோக்கித் தொங்கியது.

"மப்ளர்! மப்ளரைப் பிடிங்க! தள்ளி நில்லுங்க, கண்ணு தெரியலையா உங்களுக்கு!"

அக்கா பாய்ந்து சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். மரம் வேகம் குறைந்து, இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. கார்டு மப்ளரை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சுவரோரம் ஒட்டி நின்றார். மனைவி முகக்கவசத்தைத் தூக்கினார்.

"எங்கிட்டயா பேசினே?" என்றார் கார்டு.

"வேற யாரு இங்க மப்ளர் போட்டிருக்காங்க?"

கார்டு கண்ணாடிக்காரரைப் பார்த்தார். கண்ணாடிக்காரர் தும்மினார். அக்கா உளியை வைத்துவிட்டு, காபி போடுகிறேன் என்று சமையலறைக்குப் போனாள். பின்னறையில் குரல்கள் உயர்ந்தன, தாழ்ந்தன. பெரும்பாலும் ஒரே குரல்தான். "நீ இருந்தா வெட்டவிட மாட்டேன்னு பயந்துட்டேன்" என்பது மட்டும் கார்டின் குரலில் தெளிவாகக் கேட்டது. "கேட்டுட்டுப் பயந்திருக்கலாமே" என்று பதில் வந்தது. காபியோடு அக்கா போனபோது கார்டு தரையில் குந்தி உட்கார்ந்து சுருள்களைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார்.

"கொல்லையில ரெண்டு கம்பம் நடறாரு," என்று சம்பந்தியம்மா அறிவித்தார். "எந்த இடத்துலன்னு நான் சொல்லுவேன்."

"ஆமா, அவ சொல்லுவா," என்றார் கார்டு குப்பை முறத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

செட்டில் பாக்கியிருந்ததை அன்றே ராவிக் கொடுத்த அக்கா, கிண்ணத்தின் மிச்ச வேலையை அடுத்த வாரம் முடித்தாள். உப்புத்தாள் போட்டு, எண்ணெய் தேய்த்ததும் மரம் தேன் நிறத்துக்கு வந்தது. கறை போகவில்லை. ஆனால் முழுதாகவும் இல்லை. விளிம்பு அதன் உச்சியைக் கொஞ்சம் சீவிக்கொண்டு போயிருந்தது. உட்பக்கம் ஓரிடத்தில் உளி தட்டிய வரி ஒன்று எவ்வளவு தேய்த்தும் மறையவில்லை. அது சம்பந்தியம்மா பிடித்தபோது விழுந்ததா, தான் பிடித்தபோது விழுந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அவர் வாங்கிப் பார்த்தபோது கறையின்மேல் கட்டைவிரலை ஒருதடவை ஓட்டினார். "பல்லு இப்ப குத்தலை," என்று மட்டும் சொன்னார்.

விளக்கை மாட்ட அக்காவும் கணவரும் அவர்கள் வீட்டுக்கே போனார்கள். தையல் மெஷினுக்கு மேலே கொக்கி அடித்தாயிற்று. ஒயர் இழுத்தாயிற்று. எந்த உயரத்தில் கட்டுவது என்பதுதான் பாக்கி. அக்கா ஸ்டூலில் ஏறி விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். கணவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் கீழே இருந்தா நல்லாயிருக்குமோ? நீ என்ன சொல்றே?" என்று கார்டு மனைவியைக் கேட்டார்.

"கீழே வந்தா தலையில இடிக்காதா? உங்களுக்கு எப்படித் தோணுது?"

"உனக்கு எது வசதியோ அதான். ஆனா கண்ணு கூசக்கூடாது, இல்லையா?"

"கூசுமான்னு நீங்க உக்காந்து பாத்துச் சொல்லுங்களேன்."

கார்டு தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து பார்த்தார். பிறகு எழுந்தார். அவர் மனைவி உட்கார்ந்து பார்த்தார். மறுபடி கேட்டுக்கொண்டார்கள். மாதக்கணக்காகச் சேர்ந்துபோன பேச்சையெல்லாம் அந்த ஒயரின் நீளத்தைப் பற்றியே பேசித் தீர்ப்பது என்று முடிவு செய்துவிட்டவர்கள் போலிருந்தது. மகள் கதவருகே நின்று, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அக்காவுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது. கையை மாற்றிக்கொண்டு, விளக்கை விட்டுவிடாமல் பிடித்தபடி நின்றாள்.